ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டுக்குச் சற்று முன்னதாகப் பிள்ளைச்சாவடி வரும். கடலோர ஊர். படகுகள் கரை சேர்ந்ததும் மீன் விற்பனை தொடங்கிவிடும். இப்படிப்பட்ட கடற்கரை ஊர்களில் மீனைக் கூறு கட்டி விற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊர்ச் சந்தையிலும் பார்த்திருக்கலாம். தராசு இல்லை, படிக்கல் இல்லை. ஏறக்குறைய ஒரே அளவான மீன்களைச் சிறு சிறு குவியலாக வைப்பார்கள். ஒரு குவியல் ஒரு கூறு. ஒரு கூறுக்கு ஒரு விலை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்களிடம் ஒரே அளவான 60 கானாங்கெளுத்தி மீன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாக் கூறிலும் சம எண்ணிக்கையில் மீன் இருக்க வேண்டும். மீனை வெட்டக் கூடாது. ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. எத்தனை விதமாகக் கூறு கட்டலாம்?

ஒரே கூறாக வைக்கலாம். முப்பது முப்பதாக இரண்டு கூறு வைக்கலாம். 3, 4, 5, 6 கூறுகளும் வைக்கலாம். 7 முடியாது. 10, 12, 15, 20, 30 கூறுகள் முடியும். கடைசியாக, மீனுக்கு ஒரு கூறாக 60 கூறுகள். எண்ணிப் பாருங்கள், மொத்தம் 12 வழிகள்.

இப்போது வலையில் இன்னும் ஒரு மீன் கிடக்கிறது. அதையும் சேர்த்தால் 61. எத்தனை வழிகள்? இரண்டே இரண்டுதான். எல்லாவற்றையும் ஒரே கூறாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தனித்தனியாக 61 கூறு வைக்க வேண்டும். ஒரு மீன் கூடியதும் பத்து வழிகள் அடைபட்டுவிட்டன!

பெரிய எண் என்றால் பங்கு போடும் வழிகளும் அதிகம் என்று சொல்ல முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. எண்ணின் பருமன் வேறு, அது பிளவுபடும் தன்மை வேறு. இந்த இரண்டாவது தன்மையை ஆராய்ந்து, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்நாட்டு இளைஞர் அறுபது பக்கங்களுக்கு மேல் நீண்ட ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையில் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. இன்று நாம் அந்த எண்ணைத் தேடிப் போகப் போகிறோம். பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

சாதனை படைக்கும் எண்கள்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். 60-க்கு 12 காரணிகள். 61-க்கு 1, 61 என்ற இரண்டு மட்டும். ஆகவே அது பகா எண்.

1-லிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாக எடுத்து, அதற்கு எத்தனை காரணிகள் என்று எழுதிக்கொண்டே போங்கள். ஓட்டப் பந்தயத்தில் சாதனையைக் குறிப்பது போல, இதுவரை வந்த எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண் வரும்போது மட்டும் அதை வட்டமிடுங்கள். சமமாக வந்தால் போதாது, முந்த வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது இந்தப் பட்டியல்:

1 – காரணி 1
2 – காரணிகள் 2
4 – 3
6 – 4
12 – 6
24 – 8
36 – 9
48 – 10
60 – 12
120 – 16
180 – 18
240 – 20
360 – 24
720 – 30
840 – 32
1260 – 36
1680 – 40
2520 – 48
5040 – 60
7560 – 64
10080 – 72

60-க்குப் பிறகு 120 வருகிறது. நடுவில் 72, 84, 90, 96, 108 ஆகியவற்றுக்கும் 12 காரணிகள் உண்டு. ஆனால் அவை 60-ஐச் சமன் செய்தனவே தவிர முந்தவில்லை. ஆகவே பட்டியலில் இடமில்லை.

இந்த எண்களை உயர் பகு எண்கள் என்று அழைக்கலாம். (1, 2 ஆகியவை பகு எண்களே அல்ல என்று நீங்கள் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் முந்தும் விதிப்படி அவையும் உள்ளே வந்துவிடுகின்றன.)

பட்டியலைப் பார்த்ததும் சில பழைய முகங்கள் தெரிகின்றன அல்லவா? ஆண்டுக்கு 12 மாதம். நாளுக்கு 24 மணி. மணிக்கு 60 நிமிடம். நம் பழைய கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். வட்டத்துக்கு 360 பாகை. எல்லாம் பங்கிட வசதியான எண்கள். நம் நாட்டில் 1957-க்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 192-க்கு 14 காரணிகள். இப்போதைய 100 காசுக்கு 9 காரணிகளே. கூட்டவும் கழிக்கவும் 100 காசு எளிது. ஆனால் சில்லறை மாற்றாமல் மூன்று பேர் ஒரு ரூபாயைச் சமமாகப் பிரித்துக்கொள்ளத் தம்பிடிதான் உதவும்!

பழங்கால கிரேக்க அறிஞர் பிளேட்டோவுக்கும் இந்தத் தன்மை தெரிந்திருந்தது. தம் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்றார். அந்த எண்ணை 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுக்கலாம் என்பதை அவர் காரணமாகக் காட்டினார். இந்த 5040-ஐ மறந்துவிடாதீர்கள். பின்னால் மீண்டும் வரும்.

எண்ணாமலே எண்ணுவது எப்படி?

பெரிய எண்களுக்குக் காரணிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு.

60 = 2² × 3 × 5. 60-இன் எந்தக் காரணியும் இந்த 2, 3, 5 ஆகியவற்றிலிருந்தே உருவாக வேண்டும். 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம்; 3 வழிகள். 3-ஐ விடலாம், எடுக்கலாம், 2 வழிகள். 5-க்கும் 2 வழிகள். மூன்று சட்டையும் இரண்டு கால்சட்டையும் இருந்தால் ஆறு விதமாக உடுத்தலாம் அல்லவா? அது போலவே இங்கும் பெருக்க வேண்டும். 3 × 2 × 2 = 12. நாம் கூறு கட்டி எண்ணிய அதே 12!

ஆகவே விதி இது: எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதுங்கள். ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டுங்கள். கிடைத்தவற்றைப் பெருக்குங்கள். 5040 = 2⁴ × 3² × 5 × 7. அடுக்குகள் 4, 2, 1, 1. ஒன்று கூட்டினால் 5, 3, 2, 2. பெருக்கினால் 60. நோட்டுப் புத்தகத்தில் அரை வரியில் முடிந்துவிட்டது.

திருக்கோவிலூரிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

சீனிவாச ராமானுஜனை உங்களுக்குத் தெரியும். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் மட்டும் மூழ்கி மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டதால் கல்லூரித் தேர்வுகளில் தோற்றார். வேலை தேடி அலைந்த அந்த நாட்களில், 1910-இல், தம் குறிப்பேடுகளுடன் திருக்கோவிலூருக்குப் போனார். புதுச்சேரிக்கு மேற்கே, விழுப்புரத்தைத் தாண்டி, தென்பெண்ணைக் கரையில் உள்ள ஊர் அது. அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர் கணிதப் பித்தர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அந்த நோட்டுகளைப் பார்த்ததும் இவர் சாதாரண ஆள் அல்ல என்று அவர் புரிந்துகொண்டார். அந்தச் சந்திப்பு ராமானுஜனைச் சென்னையின் கணித வட்டத்தோடு இணைத்தது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் வேலை. 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச்சில் கப்பலேறி ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். அதே ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது.

அந்தப் போர்க்காலத்தில், 1915-இல், லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. பொருள், நாம் மேலே பார்த்த உயர் பகு எண்கள். இந்தப் பெயரையும் வரையறையையும் கொடுத்தவர் அவரே. இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் அளித்தது. கல்லூரித் தேர்வில் தோற்றவருக்குக் கிடைத்த முதல் பட்டம் இதுதான்.

அவர் கண்ட ஒழுங்கு

உயர் பகு எண்களைப் பகா எண்களாகப் பிரித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது என்று ராமானுஜன் காட்டினார். அதில் மூன்று விதிகளைப் பார்ப்போம். முதல் இரண்டை நீங்களே நிரூபிக்கலாம்.

முதல் விதி: பகா எண்கள் 2, 3, 5, 7, 11 என்று வரிசையாக வரும், நடுவில் ஒன்றும் விடுபடாது. ஏன்? 84-ஐ எடுங்கள். 84 = 2² × 3 × 7. இதில் 5 விடுபட்டிருக்கிறது. 7-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 5-ஐ வையுங்கள். 2² × 3 × 5 = 60. அடுக்குகள் மாறவில்லை, ஆகவே காரணிகளும் அதே 12. ஆனால் எண் சிறியதாகிவிட்டது. தன்னைவிடச் சிறிய எண் ஒன்றுக்கு அதே அளவு காரணிகள் இருப்பதால் 84 சாதனை எண் ஆக முடியாது. எந்த இடத்தில் பகா எண் விடுபட்டாலும் இதே வாதம் செல்லும்.

இரண்டாம் விதி: அடுக்குகள் படிக்கட்டு போல இறங்கும், ஒருபோதும் ஏறாது. 18 = 2 × 3². இங்கே 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரியது. அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. காரணிகள் இரண்டுக்கும் ஆறு. சிறிய எண் 12 முந்திக்கொண்டது.

மூன்றாம் விதி: கடைசியில் வரும் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு இரண்டே விலக்குகள்தாம்: 4 = 2², 36 = 2² × 3². இதன் நிரூபணம் சற்றுக் கடினமானது. ராமானுஜனின் கட்டுரையில் இருக்கிறது. மேலே உள்ள பட்டியலில் சோதித்துப் பார்க்க மட்டும் உங்களால் முடியும்.

இந்த விதிகளின் பயன் என்ன? தேட வேண்டிய எண்களை இவை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. கோடிக்கணக்கான எண்களில், படிக்கட்டு வடிவம் கொண்டவை மிகச் சிலவே. அவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும்.

அப்படி ஒப்பிட்டுத்தான் ராமானுஜன் தம் கட்டுரையில் நூறுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றின் பகாக் காரணி வடிவமும், காரணிகளின் எண்ணிக்கையும் அதில் உண்டு. கணிப்பொறி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. இதற்கு 10080 காரணிகள். இந்த 10080 என்பதே ஓர் உயர் பகு எண் என்பதை நம் பட்டியலின் கடைசி வரியில் பாருங்கள்.

ஓர் இடைவெளி

இப்போது நாம் தேடி வந்த இடத்துக்கு வருவோம். ராமானுஜனின் பட்டியலில், கடைசி எண்ணுக்குச் சற்று முன்னதாக, இந்த இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன:

2,40,94,02,99,600 – காரணிகள் 4800
3,21,25,37,32,800 – காரணிகள் 5376

இவற்றுக்கு நடுவில் இன்னோர் எண் நின்றிருக்க வேண்டும். அது 2,93,31,86,25,600. அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

இதை நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள். பென்சிலை எடுங்கள். முதலில் பகாக் காரணிகளைக் காண்போம்.

100-ஆல் வகுத்தால்: 2,93,31,86,256. (100 = 2² × 5²)
அதை 16-ஆல் வகுத்தால்: 18,33,24,141. (16 = 2⁴)
அதை 81-ஆல் வகுத்தால்: 22,63,261. (81 = 3⁴)
அதை 49-ஆல் வகுத்தால்: 46,189. (49 = 7²)
46,189 = 11 × 13 × 17 × 19.

எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தால்:

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

பகா எண்கள் வரிசையாக இருக்கின்றனவா? ஆம். அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று இறங்குகின்றனவா? ஆம். கடைசி அடுக்கு 1-தானா? ஆம். ராமானுஜனின் மூன்று விதிகளுக்கும் இது பொருந்துகிறது. காரணிகளின் எண்ணிக்கை: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

5040! பிளேட்டோவின் எண் இங்கே வந்து நிற்கிறது. 4800-ஐவிட அதிகம், 5376-ஐவிடக் குறைவு. ஆகவே இந்த எண் தனக்கு முந்தைய சாதனையை முறியடித்துவிட்டது. பட்டியலில் இதற்கு இடம் உண்டு.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் குறுக்கிடலாம்: “பட்டியலில் உள்ள 4800-ஐ இது முந்தியது சரி. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் 5040 அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் கொண்ட வேறு ஏதாவது எண் ஒளிந்திருந்தால்?” நியாயமான கேள்வி. அப்படி ஒன்று இருந்தால் இந்த எண் சாதனை எண் ஆகாது. அதனால்தான் நடுவில் உள்ள படிக்கட்டு வடிவ எண்களையெல்லாம் சோதிக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: 2⁸ × 3³ × 5 × 7 × 11 × 13 × 17 × 19 × 23 = 2,57,00,29,86,240. இது நடுவில்தான் இருக்கிறது. காரணிகள் 9 × 4 × 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 4608. 4800-ஐக்கூடத் தொடவில்லை. இப்படியே மற்றவையும் தோற்கின்றன. முழுச் சோதனையும் செய்யப்பட்டு, இந்த எண் உயர் பகு எண்தான் என்பது உறுதியாகிவிட்டது.

விதிகள் இல்லாவிட்டால் இது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? இந்த எண் வரை, விநாடிக்கு ஓர் எண் வீதம் வெறுமனே எண்ணிக்கொண்டு போனாலே 9,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். காரணிகளைக் கண்டுபிடிக்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

23-ஐக் கொடுத்து 28-ஐ வாங்குதல்

விடுபட்ட எண்ணை அதன் அண்டை எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுவையான ஒரு பண்டமாற்று தெரிகிறது.

முந்தைய எண்: 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23
விடுபட்ட எண்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19
அடுத்த எண்: 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23

முதல் எண்ணிலிருந்து 23-ஐ எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் இரண்டு 2-களையும் ஒரு 7-ஐயும் போடுங்கள். அதாவது 23-ஐக் கொடுத்து 28-ஐ வாங்குகிறோம். எண் கொஞ்சம் பெரிதாகிறது. காரணிகள் என்ன ஆகும்? 23 போனதும் 4800 பாதியாகி 2400 ஆகும். 2-இன் அடுக்கு 4-லிருந்து 6 ஆவதால் 5 வழிகள் 7 ஆகும். 7-இன் அடுக்கு 1-லிருந்து 2 ஆவதால் 2 வழிகள் 3 ஆகும். 2400 × 7/5 × 3/2 = 5040. நட்டம் வந்தது போலத் தோன்றிய வியாபாரம் இலாபத்தில் முடிந்தது.

அடுத்த எண்ணுக்குப் போகும்போது ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும், அதாவது 21-ஐக் கொடுத்து, 23-ஐத் திரும்ப வாங்குகிறோம். 5040 × 4/5 × 2/3 × 2 = 5376.

இன்னொரு வேடிக்கை. முந்தைய எண்ணை 1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுக்கலாம். விடுபட்ட எண்ணோ 1 முதல் 22 வரைதான் வகுபடும். 23-இல் தடுக்கி விழுகிறது. பார்த்தவுடன் முந்தைய எண்ணே அதிகக் காரணிகள் கொண்டது என்று தோன்றும். ஆனால் எண்ணிப் பார்த்தால் 240 காரணிகள் குறைவு. தோற்றத்தை நம்பாமல் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

விட்டதும் கிடைத்ததும்

ராமானுஜன் போன்ற ஒருவர் எப்படி ஓர் எண்ணை விட்டார்? அவருடைய விதிகளில் பிழை இல்லை. அந்த விதிகளைக் கொண்டுதான் விடுபட்ட எண்ணையும் நாம் இனம் கண்டோம். நூறுக்கு மேற்பட்ட வரிகளைக் கையால் கணக்கிட்டதில் ஒரு வரி நழுவியது. அவ்வளவே. இதனால் அவருடைய பெருமை குறையவில்லை. ஆனால் அவர் பெயர் பெரியது என்பதற்காக அந்த இடைவெளி தானாக நிரம்பிவிடவும் இல்லை. சரிபார்த்தவர்கள் நிரப்பினார்கள். 2,93,31,86,25,600-க்கு 5040 காரணிகள் என்பது யார் பட்டியலில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் உண்மை. கணிதத்தில் பெரியவர், சிறியவர் இல்லை. பதினைந்து வயது மாணவர் சரியாக வகுத்தாலும் விடை அதேதான்.

அந்தக் கட்டுரைக்கு இன்னொரு கதையும் உண்டு. ராமானுஜன் எழுதியது முழுவதும் 1915-இல் அச்சாகவில்லை. போர்க்காலம், லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. ஆகவே ஒரு பகுதி அச்சாகாமலே நின்றுவிட்டது. 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், ராமானுஜன் சென்னையில் காலமானார். அந்தப் பகுதி கையெழுத்தாகவே கிடந்தது. 1944-இல் அலாவுக்லு, எர்டிஷ் என்ற இரு கணித அறிஞர்கள் இதே துறையில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தபோதும் அது அச்சேறவில்லை. 1997-இல்தான், ழான் லூயி நிக்கோலா, கி ரொபான் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளோடு, ராமானுஜன் பெயரால் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி இதழின் முதல் தொகுதியில் அது வெளிவந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பக்கங்கள்!

அவர்களில் ரொபான் 1984-இல் வியப்பான ஓர் உண்மையை நிரூபித்திருந்தார். ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு மேல்வரம்பு சொல்லலாம். 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த வரம்புக்குள் அடங்கினால், ரீமான் கருதுகோள் உண்மை. ஓர் எண் மீறினாலும் அது பொய். ரீமான் கருதுகோள் என்பது 1859 முதல் தீர்க்கப்படாமல் இருக்கும், பகா எண்களைப் பற்றிய புகழ்பெற்ற புதிர். அந்த வரம்பைப் பற்றிய ஆராய்ச்சி, ராமானுஜனின் அச்சேறாத பக்கங்களிலேயே இருந்தது. எல்லை எண் எது என்று கவனித்தீர்களா? மறுபடியும் 5040.

கூறு கட்டும் கணக்கில் தொடங்கினோம். கணிதத்தின் மிகக் கடினமான புதிரின் வாசலுக்கு வந்துவிட்டோம். அடுத்த முறை கடற்கரையில் மீன் குவியல்களைப் பார்க்கும்போது, மொத்தம் எத்தனை மீன் என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு எத்தனை காரணிகள் என்றும் யோசியுங்கள்.

செய்து பாருங்கள்

1. சரியாக 16 காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண் எது?

2. 1000, 840 ஆகிய இரண்டில் எதற்குக் காரணிகள் அதிகம்? எத்தனை மடங்கு?

3. 1800-க்கு 36 காரணிகள் உண்டு. அது ஏன் உயர் பகு எண் அல்ல?

4. முந்தைய எண்ணான 2,40,94,02,99,600-ஐ 23-ஆல் வகுத்து, கிடைத்ததை 28-ஆல் பெருக்குங்கள். என்ன வருகிறது?

5. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் எண்ணை இந்தக் கட்டுரையில் எங்கே பார்த்தீர்கள்?

விடைகள்

1. 120. (2³ × 3 × 5; 4 × 2 × 2 = 16.)

2. 840-க்கு 32, 1000-க்கு 16. இரு மடங்கு.

3. தன்னைவிடச் சிறிய 1260-க்கும் 36 காரணிகள் இருப்பதால். கடைசி அடுக்கு 1 ஆக இல்லை என்றும் சொல்லலாம்: 1800 = 2³ × 3² × 5².

4. 23-ஆல் வகுத்தால் 10,47,56,65,200. 28-ஆல் பெருக்கினால் 2,93,31,86,25,600, விடுபட்ட எண்.

5. 67,46,32,83,88,800. ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்! புதிய பகா எண் ஒன்று சேர்ந்ததால் காரணிகள் 5040-இன் இரு மடங்காகி 10080 ஆகிவிட்டன. அவர் விட்ட எண், அவர் கண்ட கடைசி எண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.